கல்லூரி உதவித்தொகை: தகுதி இருந்தும் பணம் வராமல் போவது ஏன்?

தமிழ்நாட்டில் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுக்கு அரசு உதவித் திட்டங்கள் பல இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன், அதற்கு மேல் மத்திய அரசின் திட்டங்கள். தகுதி இல்லாமல் பணம் கிடைக்காதவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எல்லாத் தகுதியும் இருந்து, மனுவும் போட்டு, அது நடுவழியில் எங்கோ படுத்துக்கொண்டதால் வருடக் கணக்கில் காத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வங்கிக் கணக்கு. "என் கணக்கில் ஆதார் இணைத்தாச்சு சார்" என்பார்கள். வங்கியிலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பணம் வராது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று, அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவேட்டில் குறிப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள். ஒருவர் பெயரில் நான்கு கணக்குகள் இருக்கலாம், நான்கிலும் ஆதார் எண் இருக்கலாம். ஆனால் சீடிங் ஒரே ஒரு கணக்குக்குத்தான், கடைசியாக எதைக் குறித்தார்களோ அதற்குத்தான். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் அங்கேதான் போகும். மனுவில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணை அது பார்க்காது.

இதில் சிக்குகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆறாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காக அம்மாவோடு சேர்த்துத் திறந்த கணக்கு ஒன்று. கல்லூரியில் சேர்ந்ததும் வளாகத்துக்குப் பக்கத்து வங்கியில் இன்னொன்று. நடுவில் சிம் கார்டு வாங்கும்போது, கடைக்காரர் கேட்டதற்குத் தலையாட்டியதில் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்றும் திறந்திருக்கும். அது போனில் இருப்பதே மறந்திருக்கும். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், அல்லது பழைய கணக்கு முடங்கிக் கிடப்பதால் திரும்பிப் போயிருக்கும். மைஆதார் தளத்தில் உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதைத் தட்டினால் எந்த வங்கி, நடப்பில் இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும். ஐந்து நிமிட வேலை. மனு போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். சிறுவயதில் திறந்த கணக்கு என்றால், 18 வயது முடிந்ததும் வங்கிக்குப் போய்ப் புதிதாகக் கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் கணினிக்குப் புரிவதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு', ஆதாரில் 'கவிதா முருகேசன்', வங்கிப் புத்தகத்தில் 'மு. கவிதா'. மூன்றும் ஒரே பெண்தான் என்பது ஊருக்கே தெரியும், சர்வருக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடினாலும் குறைந்தாலும் இதே தலைவலி. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது லேசில் முடியாது, ஆதாரைத் திருத்துவது அதைவிடச் சுலபம். ஆகவே பள்ளிச் சான்றில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள இடைவெளிதான் இதற்குச் சரியான நேரம்.

வருமானச் சான்றிதழையும் அப்போதே வாங்கி வையுங்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகர வேண்டும். அட்மிஷன் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போய் நிற்பதால் தாமதமாகும். அக்காவின் படிப்புக்காக மூன்று வருடங்களுக்கு முன்பு வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 4.5 லட்சம். முன்னதற்கான வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னதற்கு மனுவே போடாமல் விடுகிறவர்கள் உண்டு.

அப்புறம், என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: 'சப்மிட்' பட்டனை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. மாநில அரசின் யு.எம்.ஐ.எஸ். தளமோ, மத்திய அரசின் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலோ, எதுவானாலும் உங்கள் மனுவைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். மாணவர்களுக்குக் கடைசித் தேதி ஒன்று, கல்லூரி சரிபார்ப்பதற்குக் கடைசித் தேதி வேறொன்று. ஏதாவது குறை இருந்தால் திருத்தச் சொல்லி மனு உங்களிடமே திரும்பி வரும். அந்தத் தகவல் நீங்கள் பதிந்த கைபேசி எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் பிரவுசிங் சென்டர் அண்ணனுடையதாக இருந்தால்? சொந்த எண்ணைக் கொடுங்கள், வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸைப் பாருங்கள், கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான பேராசிரியர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கும் நூற்றுக்கணக்கான மனுக்கள் இருக்கும், வகுப்புகளும் இருக்கும். உங்கள் மனுவை நினைவூட்டுவதில் தவறில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு உதவி வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதே, வேறு உதவித்தொகை பெறும் மாணவிகளும் இதைப் பெறலாம் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. முன்பு சொன்ன மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் தரும் திட்டம் அது. வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர்கள் அதில் தகுதி இழக்கிறார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எது லாபம் என்று கணக்குப் போட்ட பிறகே மனு போட வேண்டும். இதே திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். முதல் ஆண்டு பணம் வந்துவிட்டது, இனித் தானாக வரும் என்று இருந்துவிட்டால் இரண்டாம் ஆண்டு ஒன்றும் வராது.

புதுமைப்பெண் பற்றி இன்னொன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) கிடைத்த இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. இது தெரியாமல் ஒதுங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளி மாணவிகளும் பிற்பாடு சேர்க்கப்பட்டார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இவை இல்லை.

முதல் பட்டதாரி சலுகையில் அப்பா, அம்மாவை மட்டும் கணக்கில் எடுப்பது வழக்கமான பிழை. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தாலும் அடுத்தவருக்குக் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த தொழிற்கல்வி இடங்களுக்குத்தான் இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கும். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் படிப்பு முடிந்து சான்றிதழ் கேட்கப் போகும்போது பாக்கி என்று நிற்க வேண்டிவரும். வந்ததும் எவ்வளவு கட்டணத்துக்கு, எவ்வளவு பராமரிப்புக்கு என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் வட்டி மானியத்தைக் கோட்டை விடுகிறார்கள். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. கேட்காமல் அது வராது. கடன் மனுவோடு வருமானச் சான்றையும் கொடுத்து, மானியத்துக்குப் பதிந்தார்களா என்று வங்கியில் கேளுங்கள்.

கடைசியாக, "கல்வி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது" என்று பெற்றோருக்கு வரும் போன். மாணவர் பெயர், கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அப்புறம் ஓ.டி.பி. கேட்பார்கள், இல்லையென்றால் கியூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் பின் நம்பரும் எதற்கு? வீட்டில் யார் போன் எடுப்பார்களோ அவர்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.