பழைய பிரிட்டிஷ் கார் டைகாஸ்ட்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

டைகாஸ்ட் என்றால் உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த சிறு மாதிரி கார். அதில் மோரிஸ் மைனர், ஃபோர்டு ஆங்கிலியா 105இ, ஹில்மன் இம்ப் என்று தேடி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ட்டை. பார்க்க வேண்டியதோ அடித்தட்டை.

1950, 60களில் வந்த டிங்கி, கார்கி பிராண்டு பொம்மைக் கார்களில் மேல்கூட்டையும் அடித்தட்டையும் ரிவெட் அடித்துப் பிணைத்திருப்பார்கள். ரிவெட்டின் தலை முழுசாக இருக்க வேண்டும். நடுவில் டிரில் போட்ட குழியோ திருகோ பசையோ தெரிந்தால் யாரோ வண்டியைப் பிரித்திருக்கிறார்கள். பெயின்ட்டும் மறுபூச்சாக இருக்கலாம். கிரில் பள்ளங்களையும் கதவுக் கோடுகளையும் பாருங்கள். பெயின்ட் தடித்து அவை மழுங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மறுபூச்சு குற்றமில்லை, ஒரிஜினல் விலை கேட்பதுதான் குற்றம். பிற்காலத்து பிராண்டான வேன்கார்ட்ஸ் மாடல்களின் அடியில் திருகு இருப்பது இயல்பு.

அடுத்து உலோகம். இவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உள்ளிருந்தே அரிக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தலைமுடி போன்ற விரிசல்களும் பெயின்ட்டில் கொப்புளங்களும் தெரியும். போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது அதிகம். இதற்கு மருந்து கிடையாது. ஈரம் பட்டால் இன்னும் வேகமெடுக்கும். அப்படிப்பட்ட வண்டியை வாங்காதீர்கள்.

அளவும் பாருங்கள். 1:43 என்றால் நிஜக் காரின் 43இல் ஒரு பங்கு. 3.05 மீட்டர் நீளமுள்ள மினி சுமார் 71 மி.மீ. வர வேண்டும். பழைய பொம்மைகள் இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். காட்சிக்கென்றே செய்தவற்றில் அப்படி இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் வில்லன் டயர்தான். மென்மையான பிளாஸ்டிக் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை கீழிருக்கும் பிளாஸ்டிக் பீடத்தைக் கரைக்கும். ஒரு நாள் தூக்கினால் டயர் பீடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், இரண்டிலும் பள்ளம். வண்டியைப் பீடத்தோடு பிணைக்கும் திருகைச் சற்றுத் தளர்வாக விட்டு, அச்சுக்கு அடியில் சின்ன அட்டைத் துண்டு வைத்து, டயர் பீடத்தைத் தொடாமல் நிறுத்துங்கள்.

தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். அழுக்கு ஏறியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஸ்டிக்கர் பக்கம் நீர் போகக் கூடாது. ஆல்கஹால் வேண்டவே வேண்டாம். பேட்ஜ் அச்சு, ஜன்னல் ஓரத்து வெள்ளிக்கோடு எல்லாம் அதோடு போய்விடும்.

அலமாரியில் வெயில் நேராக விழக் கூடாது, சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். பெட்டியில் எடுத்து வைப்பதானால் அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் சுற்றுங்கள். ஃபோம் வருடக்கணக்கில் ஒட்டியிருந்தால் உதிர்ந்து பெயின்ட்டில் பதிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

பெட்டியோடு வாங்கினால், பழைய டிங்கி பெட்டிகள் சிலவற்றின் முனை மடிப்பில் ஒரு வட்ட நிறப்பொட்டு இருக்கும். அது வண்டியின் நிறத்தோடு பொருந்த வேண்டும். இரட்டை நிற வண்டிக்குப் பொட்டிலும் இரண்டு நிறம்.