போட்டோவுக்குப் பின்னால் பெயர் எழுதும் முன்: குடும்ப வரலாறு தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் பாசனப் பகுதியின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள் தொங்கும். அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். அந்தப் பதற்றத்தில் கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போகும்போது நேரும் பெரிய தவறு, சொன்னதை எழுதிவிட்டு, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதை விட்டுவிடுவது. நாளைக்கு இரண்டு தகவல்கள் முட்டிக்கொண்டால் எதை நம்புவது என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு மட்டும்தான் உதவும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

கேள்வியிலேயே பதிலை வைப்பது

"இது நம்ம தாத்தாதானே?" என்று கேட்டால், எண்பது வயதுப் பெரியம்மா பெரும்பாலும் "ஆமாப்பா" என்றுதான் சொல்வார். பிள்ளை ஆசையாகக் கேட்கிறான், மறுப்பானேன் என்று இருக்கும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு, "இதுல யார் யாரைத் தெரியுது பெரியம்மா?" என்று மட்டும் கேளுங்கள். பலருக்கு முகத்துக்கு முன் நகையும் புடவையும் நாற்காலியும்தான் நினைவுக்கு வரும். "இந்த அட்டிகை மூத்தவ கல்யாணத்துக்குப் பண்ணினது" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், படம் அந்தக் கல்யாணத்துக்கு முந்தியது இல்லை என்று தெரிந்துவிடும்.

காதுகுத்திலோ பதினாறாம் நாள் காரியத்திலோ எல்லாரும் ஒன்றாகக் கிடைக்கிறார்களே என்று அங்கேயே உட்கார்ந்து கேட்பது பலன் தராது. குரல் ஓங்கியவர் சொல்வதே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். அன்றைக்கு, எப்போது வீட்டுக்கு வரலாம் என்று மட்டும் பேசிவைத்துக்கொண்டு, பிறகு தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். போனை ஒரு முழத் தூரத்தில் வைத்து, ஃபேனை நிறுத்தி, ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதிவு செய்தால் குரல் தெளிவாக விழும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பங்காளி வீட்டு ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவதும் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களோடு போட்டோக்களும் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கும். உங்கள் வீட்டில் செல்லரித்துப்போன படத்தின் நல்ல பிரதி அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். சில பாட்டிமார் கணவர், மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாமல், "எந்தப் பேரனுக்கு அவங்க பேரை வச்சீங்க?" என்று கேளுங்கள்.

உறவுமுறையை அப்படியே எழுதிவிடுவது

குறிப்பில் "மாமா" என்று மட்டும் இருந்தால் அது அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் ஒருவரே இரண்டு முறையில் உறவாவார். "சின்னம்மா" என்பது அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், அப்பா இரண்டாவதாகக் கட்டியவராகவும் இருக்கலாம். ஆகவே "அப்பாவின் இரண்டாவது அக்காவுடைய கணவர்" என்று நீட்டியே எழுதுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப வரும். பெயரோடு தகப்பனார் பெயரையும், எத்தனையாவது பிள்ளை என்பதையும் சேர்க்காவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள்.

காலத்தைக் கணக்கிடுவதில் வரும் குழப்பம்

அதிகம் தவறுவது இங்கேதான். "புயல் அடிச்ச வருஷம் பொறந்தவ" என்றால் எந்தப் புயல்? நாகப்பட்டினம் பக்கம் 1952 நவம்பர் 30-ல் ஒன்று, 1977 நவம்பர் 12-ல் ஒன்று. முன்னது கார்த்திகை நடுவில், பின்னது ஐப்பசிக் கடைசியில். சொல்கிறவருக்கு இரண்டும் அடைமழைக் காலத்துப் புயல்தான், ஆனால் நடுவே 25 வருஷம், ஒரு முழுத் தலைமுறை. "அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா? இடுப்புல யார் குழந்தை?" என்று கேட்டால் எந்தப் புயல் என்று தெரிந்துவிடும். வெள்ளமும் அப்படித்தான்: 1924 ஜூலைப் பெருவெள்ளம் மேட்டூர் அணைக்கு முந்தியது, திருச்சியை மூழ்கடித்தது 1977-ல். கும்பகோணம் மகாமகம் நல்ல அடையாளம். ஆனாலும் 1968, 1980, 1992 என்று எதைச் சொல்கிறார் என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. நந்தன வருஷம் என்றால் 1952 ஏப்ரல் நடுவிலிருந்து 1953 ஏப்ரல் நடு வரை. "நந்தன வருஷம் தை மாசம் கல்யாணம்" என்பதை 1952 என்று எழுதினால் தவறு, அது 1953. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வருவதால் 1892-93-ம் நந்தனதான். கொள்ளுத்தாத்தா விஷயத்தில் இது அடிக்கடி கவிழ்க்கும்.

ஜாதகத்தில் கிழமை, சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை. திங்கட்கிழமை பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்தார் என்று எழுதியிருந்தால் ஆங்கிலக் கணக்கில் செவ்வாய்க்கிழமை. பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியோ, சேர்ப்பதற்கு வயது எட்ட வேண்டும் என்று வாத்தியார் போட்டதாக இருக்கலாம். இரண்டும் மோதினால் ஜாதகம்தான் பெரும்பாலும் நெருங்கி வரும், ஆனால் பொருத்தத்துக்காகத் திருத்தி எழுதிய ஜாதகமும் உண்டு. இறந்த நாளுக்குத் திதி கொடுக்கும் வீடுகளில் மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூன்றும் பிசகாமல் நினைவிருக்கும். வருஷம் மட்டும் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியை எடுத்துவிடலாம்.

ஊர் விஷயத்தில் ஒன்று. இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய பத்திரத்தைத் தேடாதீர்கள். நாகப்பட்டினம் பிரிந்தது 1991-ல், திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். 1991-க்கு முன் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. மயிலாடுதுறை என்பது ஊரின் அரசுப் பெயரானதே 1982-ல்தான், அதற்கு முந்தைய காகிதங்களில் மாயவரம், மாயூரம் என்றுதான் இருக்கும். ஆலங்குடி என்றால் வலங்கைமான் பக்கத்து ஆலங்குடியா, புதுக்கோட்டை ஆலங்குடியா என்று தாலுகாவோடு எழுதுங்கள்.

படம் சொல்வதை முழுதாக நம்புவது

தம்பதியாக நிற்கும் பெரிய படங்கள் எல்லாமே ஒன்றாக நின்று எடுத்தவை அல்ல. ஒருவர் காலமான பின், இரண்டு தனிப் படங்களை ஸ்டூடியோவில் ஒட்டி, தூரிகையால் தீட்டி, மறுபடி படமெடுத்துப் பெரிதாக்கித் தருவது வழக்கமாக இருந்தது. முகங்களின் நிழலைப் பாருங்கள். ஒருவருக்கு இடது கன்னத்திலும் மற்றவருக்கு வலது கன்னத்திலும் நிழல் விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். தலைகளின் அளவு ஒத்துவராது. தோளோடு தோள் சேருமிடத்தில் மெல்லிய கருங்கோடு ஓடும். அந்தப் படத்தை வைத்துக் கல்யாண வருஷத்தையோ வயது வித்தியாசத்தையோ கணக்கிட்டால் எல்லாம் பிசகும். கோட்டு, கைக்கடிகாரம், பின்னால் தொங்கும் மாளிகைத் திரை எல்லாம் ஸ்டூடியோவுடையதாக இருக்கலாம், வசதிக்குச் சாட்சியாகாது.

இறந்தவரை மாலையோடு நாற்காலியில் சாய்த்து உறவினர் சூழ எடுத்த படங்களை அபசகுனம் என்று பலர் எரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று காட்டும் படம் அநேகமாக அது ஒன்றுதான். மாட்ட வேண்டாம், உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.

படத்தைச் சுற்றியுள்ள அட்டையை வெட்டாதீர்கள். அழுத்தி அச்சிட்ட ஸ்டூடியோ பெயரும் ஊரும் அதில்தான் இருக்கும். சட்டத்துக்குள் ஈரம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் மேடு தெரியும், 2பி பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள். லாமினேஷன் போட்டால் திரும்ப எடுக்கவே முடியாது.

போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200, இரு பக்கமும் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் திண்ணை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இல்லாத மூக்கையும் கண்ணையும் தாமாக வரைந்து வைக்கின்றன. அந்தப் படத்தைக் காட்டி அடையாளம் கேட்டால் தவறான பதில்தான் வரும்.

குழுப் படத்துக்கு ஏ4 அளவில் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே பெயர் எழுதுங்கள். தெரியாத தலைக்கு "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

போட்டோ இல்லை என்றால் வரலாறு இல்லை என்று விடுவது

நிலமும் பணமும் இருந்த வீட்டில்தான் ஸ்டூடியோ படமும் பத்திரமும் இருக்கும். கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு அவை இரண்டும் கிடையாது என்பதால் தொடங்காமலே விட்டுவிட வேண்டாம். பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மொய் நோட்டு, குலதெய்வத்துக்கு வரி கொடுத்த தலைக்கட்டுப் பட்டியல், பினாங்கிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த கடித உறை, இவற்றில் பெயரும் ஊரும் வரிசையாகக் கிடைக்கும். யார் சாவுக்கு யாருக்குத் தீட்டு என்று கேட்டால் பங்காளி வட்டம் முழுவதும் வந்துவிடும்.

இப்படிக் கேட்கும்போது தத்துக் கொடுத்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது, பாகப்பிரிவினைச் சண்டை என்று பலதும் வெளியே வரும். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், அடுத்த முறை அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவர் "இப்ப எழுதாதே" என்றால் தனி நோட்டில் குறித்து, எப்போது, யாருக்குக் காட்டலாம் என்பதை அவரிடமே கேட்டு அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.