வளரிளம் பருவத் தடுப்பூசி: உடன் வேலை பார்க்கும் டாக்டர்களையும் சிஸ்டர்களையும் கேட்க வைப்பது எப்படி?

"பத்து வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்க தடுப்பூசியை இனிமே நீங்க பாத்துக்குங்க." கிளினிக்கிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், போஸ்டர் அடிக்கவும் பவர்பாயின்ட் தயாரிக்கவும் ஓடாதீர்கள். ஊசி நல்லது என்று உங்கள் சகாக்களுக்குத் தெரியும். காய்ச்சலுக்கு வந்த 11 வயதுப் பிள்ளையிடம் 'ஊசி போட்டாச்சா' என்று கேட்க ஞாபகம் வருவதில்லை. ஞாபகம் வந்தாலும் பேச்சை எப்படி எடுப்பது என்ற தயக்கம். சரிசெய்ய வேண்டியவை இந்த இரண்டும்தான்.

படி 1: முப்பது பேரை எண்ணுங்கள்

ஓ.பி. பதிவேட்டில் கடைசியாக வந்த 10 முதல் 16 வயது வரையான 30 பேரை எடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம்: வயது, எதற்காக வந்தார், எந்த ஊசி பாக்கி, அன்று கேட்டோமா. கேட்டதற்குப் பதிவு இல்லையென்றால் கேட்கவில்லை என்றே வையுங்கள். பையன்களை விட்டுவிடாதீர்கள். இந்த வயது ஊசி என்றாலே பெண் பிள்ளைக்குத்தான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. டெட்டனஸ், டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) ஊசி இருவருக்கும் உண்டு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. டெட்டனஸ் மட்டும் உள்ள பழைய ஊசியும் நம் வாயில் 'டி.டி.', டிப்தீரியாவும் சேர்ந்த புதிய ஊசியும் 'டி.டி.'தான். சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்தபோது போட்டதை வைத்து, "போன மாசம்தான் டி.டி. போட்டோம்" என்பார் அம்மா. அது பழைய வகையாக இருந்தால் தொண்டை அடைப்பானுக்குக் கணக்கில் வராது. சின்ன வயதில் போட்டதன் எதிர்ப்பு சக்தி குறைந்துபோய், பெரிய பிள்ளைகளுக்கும் டிப்தீரியா வருவதால்தான் ஊசியையே மாற்றினார்கள். இனிமேல் பதிவேட்டில் 'டெட்டனஸ் மட்டும்', 'டெட்டனஸ் + டிப்தீரியா' என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "ஸ்கூல்ல போட்டாச்சு" என்றால் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு போன் போட்டுச் சரிபாருங்கள்.

படி 2: அரைப் பக்க அட்டவணை

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி டெட்டனஸ்-டிப்தீரியா 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 9 முதல் 14 வயது வரை 6 மாத இடைவெளியில் 2 டோஸ். 15 வயதில் தொடங்கினால் 0, 2, 6 மாதங்களில் 3 டோஸ். இரண்டு டோஸ் கணக்கில் இடைவெளி 5 மாதத்துக்குக் கீழே போய்விட்டால் மூன்றாவது தேவைப்படும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு எந்த வயதிலும் 3.

உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஒற்றை டோஸையும் ஏற்கத்தக்க மாற்றாகச் சொன்னது. ஆகவே "ஒண்ணா ரெண்டா?" என்று சகாக்களுக்குள் விவாதம் கிளம்பும். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அரசுத் திட்டத்தில் வந்த ஊசி என்றால் அந்தத் திட்டத்தின் சுற்றறிக்கை சொல்வது. காசு கொடுத்து வாங்கிப் போடுவது என்றால் மேலே உள்ளது. அட்டவணையில் இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

படி 3: ஒரே ஒரு வாக்கியம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நடந்தது. ஊசி போடுகிறோம் என்று நேராக அறிவிக்க ஒரு மணி நேரம் பழகிய இடங்களில், 11, 12 வயதினர் எச்.பி.வி. ஊசியைத் தொடங்குவது 6 மாதத்தில், பயிற்சி பெறாத இடங்களைவிட 5.4 சதவீதப் புள்ளிகள் அதிகமாகக் கூடியது. பெற்றோருடன் விரிவாகக் கலந்து பேசப் பழகிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

"எச்.பி.வி.ன்னு ஒரு ஊசி இருக்கு, விருப்பம்னா போட்டுக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னால், ஏதோ தேவையில்லாத ஊசி போல என்று அம்மா எடுத்துக்கொள்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாப்பாவுக்குப் பதினொண்ணு ஆச்சு. டிப்தீரியா ஊசி ஒண்ணு, கருப்பை வாய்ப் புற்றுநோய் வராம தடுக்குற ஊசி ஒண்ணு, ரெண்டும் இன்னைக்குப் போட்டுடலாம்மா." சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் கேள்வி வந்தால் பதில், வராவிட்டால் சம்மதம் கேட்டுப் படிவம்.

அதிகம் வரும் கேள்வி, "இந்த வயசுலயா டாக்டர்?" அதற்கு, "இந்த வயசுலதாம்மா எதிர்ப்பு சக்தி நல்லா வரும். ரெண்டு ஊசியோட முடிஞ்சிரும், பதினஞ்சு ஆயிட்டா மூணு" என்பது போதும். கல்யாணம், பழக்கவழக்கம் பக்கமெல்லாம் நாமாகப் போக வேண்டியதில்லை.

இதைக் கூட்டம் போட்டு விளக்கினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மதியம் ஓ.பி. முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக, ஒருவர் டாக்டர், ஒருவர் அம்மா என்று பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வையுங்கள். முதல் முறை சிரிப்பு வரும், பரவாயில்லை.

நேராக அறிவிப்பது என்றால் சம்மதத்தைத் தாண்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் எச்.பி.வி. செயல்விளக்கத் திட்டம் நடந்தது. விடுதி மாணவிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டது உள்ளிட்ட குறைகள் வெளியே வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அப்போது ஊசி போட்ட சிறுமிகள் சிலர் இறந்ததற்கு ஊசி காரணமென விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் மூத்த டாக்டர்கள் சிலரிடம் இன்றும் உள்ள தயக்கத்தின் வேர் அங்கே இருக்கலாம். "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று ஒருவர் சொன்னால், எல்லார் முன்னாலும் மறுக்காதீர்கள். தனியாகப் போய், "சார், உங்களுக்கு இதுல எது சரியில்லைன்னு படுது?" என்று கேளுங்கள்.

படி 4: எடை பார்க்கும் இடத்தில் பிடியுங்கள்

டாக்டரின் ஞாபகத்தை நம்பாதீர்கள். எடை பார்க்கும் சிஸ்டர், 10 முதல் 16 வயதுப் பிள்ளையின் சீட்டு மூலையில் சிவப்புப் பேனாவால் 'ஊசி' என்று எழுதட்டும். லேசான சளி, ஜுரம் இருந்தாலும் போடலாம் என்பதை எல்லாரும் அறிய வேண்டும். "சரியானதும் வாங்க" என்று அனுப்பிய பிள்ளைகளில் பலர் திரும்பி வர மாட்டார்கள். முந்தைய டோஸுக்கோ ஊசியில் உள்ள ஏதாவது பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அந்த ஊசியைப் போடக் கூடாது.

படி 5: ஃபிரிட்ஜும் நாற்காலியும்

இரண்டு ஊசிக்கும் 2 முதல் 8 டிகிரி. வெயிலுக்குப் பயந்து ஐஸ் பக்கத்தில் ஒட்டி வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. இவற்றில் உள்ள அலுமினிய உப்பு உறைந்தால் கட்டிதட்டி, மருந்து வீணாகும். உறைந்து உருகிய குப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். கதவுத் தட்டும் ஆகாது. வெப்பமானியை நடுத் தட்டில் வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் எழுதுங்கள்.

இந்த வயதில் ஊசி போட்டதும் மயக்கம் வருவது சகஜம். உட்கார வைத்து, மேல்கையின் தசையில் 0.5 மில்லி போட்டு, 15 நிமிடம் அதே நாற்காலியில் இருக்கச் சொல்லுங்கள். நின்றபடி போட்டு, பிள்ளை விழுந்து மண்டையில் அடிபட்டால், அடுத்த ஆறு மாதம் அந்த ஊரில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தான அட்ரினலின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 6: மாதம் ஒருமுறை, பத்து நிமிடம்

மறுபடி 30 சீட்டு, அதே நான்கு கட்டம். மொத்தக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். ஆள்வாரிக் கணக்கை அவரவரிடம் தனியாகக் கொடுங்கள். பேர் போட்டு ஒட்டினால் அடுத்த மாதம் எண்ணிக்கை ஏறும், ஆனால் பதிவேடு பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இரண்டாவது டோஸுக்குத் தனி நோட்டு வேண்டும்: பெயர், போன் நம்பர், வர வேண்டிய தேதி. தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்வது யார் வேலை என்று அந்த நோட்டிலேயே எழுதுங்கள். உங்களுக்கு மாறுதல் உத்தரவு வந்தால், பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் ஸ்டாக் பதிவேட்டோடு இந்த நோட்டையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.