கவுன்சிலர் முதல் எம்பி வரை: யாரிடம், எப்படி மனு கொடுப்பது?

வீட்டு வாசலில் இருந்த தெருவிளக்கு எரியாமல் போனபோது நான் நேராக நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். பெரிய இடத்துக்கு எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று ஒரு நினைப்பு. நான்கு பக்கம். இருட்டு, திருட்டுப் பயம், கட்டுகிற வரியெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி, எல்லாம் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு வரி பதில் வந்தது. கடிதம் சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அமைப்புக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். அப்புறம்தான் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: “கம்பத்து நம்பர் என்ன?”

நான்கு பக்கத்தில் அது மட்டும் இல்லை.

மக்கள் பிரதிநிதிகளை அணுகுவதில் புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்: ஆள் தவறு, அல்லது விவரம் குறைவு. கீழே உள்ள படிகள் எந்த நாட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். அங்கங்கே மாறுகிற விஷயங்களை உதாரணமாகச் சொல்கிறேன்.

படி 1: இது யாருடைய வேலை?

எந்த ஜனநாயக நாட்டிலும் அரசு ஒரே ஆள் இல்லை. குப்பை, தெருவிளக்கு, சாக்கடை, உட்சாலைகள் பொதுவாக உள்ளாட்சியின் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா, குடியேற்றம், ராணுவம் தேசிய அரசின் கையில். இதில் குழப்பம் குறைவு. சிக்கல் நடுவில் இருக்கிறது. இந்தியாவில் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று துறைகளைப் பிரிக்கிறது. காவல்துறை மாநிலத்தைச் சேர்ந்தது, ரயில்வே மத்திய அரசைச் சேர்ந்தது, கல்வி இரண்டுக்கும் பொது. கனடாவில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மாகாணத்தின் பொறுப்பு. அதற்காகத் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுக்கு எழுதிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சாலை. ஒரே ஊருக்குள் அடுத்தடுத்த மூன்று சாலைகள் மூன்று அரசுகளுக்குச் சொந்தமாக இருக்கும். இந்தியாவில் மைல்கல்லின் தலையைப் பார்த்தால் போதும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மற்ற நாடுகளில் சாலை எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். பிடிபடவில்லையா? உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். “எங்களுடையது இல்லை” என்று சொல்வதில் எந்த அலுவலகமும் தாமதம் செய்வதில்லை.

படி 2: உங்கள் பிரதிநிதி யார்?

பிரபலமானவரைத் தேடாதீர்கள். உங்கள் தொகுதியில் தேர்வானவர்தான் உங்களுக்கு வேண்டும். பிரிட்டனில் எம்பிக்கள் தங்கள் தொகுதிக்காரர்களின் பிரச்சினையை மட்டுமே எடுத்துக்கொள்வது எழுதப்படாத மரபு. அதனால்தான் கடிதத்தில் முழு முகவரி கேட்கிறார்கள். அங்கே அஞ்சல் குறியீட்டை நாடாளுமன்ற இணையதளத்தில் கொடுத்தால் பெயர் வந்துவிடும். அமெரிக்காவிலும் அப்படித்தான், ஆனால் ஒரே ஜிப் எண் (அங்கத்திய அஞ்சல் குறியீடு) இரண்டு தொகுதிகளில் பரவியிருக்கலாம். அப்போது தெரு முகவரியையும் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவருக்கு மத்தியில் மட்டும் மூன்று பேர்: கீழவை உறுப்பினர் ஒருவர், மாநிலத்துக்கான செனட்டர்கள் இருவர். இந்தியாவில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடினால் சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி இரண்டும் தெரியும்.

இலங்கையில் கணக்கு வேறு. 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், மீதி 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி வருகிறவர்கள். ஒரு மாவட்டத்துக்குப் பல உறுப்பினர்கள் என்பதால் யாரிடம் போவது என்பது உங்கள் தேர்வு. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். அதனால் அங்கே பலர் சாக்கடைப் பிரச்சினையைக்கூட மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடமே கொண்டுபோகிறார்கள்.

பலர் இருக்கிறார்களே என்று ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். ஒருவரைப் பிடியுங்கள், அவரிடம் முடியவில்லை என்றால் அடுத்தவர்.

படி 3: முதலில் அலுவலகத்தில் புகார்

பிரதிநிதியிடம் போவதற்கு முன் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்து, எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் அவர் கேட்கிற கேள்வி “இந்தப் புகார் ஏன் நிற்கிறது?” என்று மாறிவிடும். அதற்கு எடை அதிகம். இன்னொன்று: எம்எல்ஏவோ எம்பியோ அதிகாரி இல்லை. துறைக்கு எழுதலாம், விசாரிக்கலாம், அவையில் கேள்வி எழுப்பலாம். நீதிமன்றத்தில் உள்ள வழக்கில் அவர்களால் தலையிட முடியாது.

படி 4: கடிதம்

ஒரு கடிதம், ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். தலைப்பு வரியிலேயே இடமும் விஷயமும் தெரிய வேண்டும், ஏனென்றால் அதை முதலில் பிரித்துப் பார்ப்பவர் உதவியாளர். எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவர் அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்வார். இப்போது எழுதினால் நான் இப்படித்தான் எழுதுவேன்:

“பொருள்: 3ஆம் குறுக்குத் தெரு, கம்பம் எண் 27, தெருவிளக்கு எரியாமை.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் உங்கள் வார்டில் மேற்கண்ட தெருவில் வசிக்கிறேன். இந்த விளக்கு 40 நாட்களாக எரியவில்லை. 5ஆம் தேதி பொறியாளர் அலுவலகத்தில் புகார் அளித்தேன் (புகார் எண் இணைப்பில்). இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. விளக்கைச் சரிசெய்ய ஆவன செய்து, எந்தத் தேதிக்குள் முடியும் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண். அவ்வளவுதான். தேதி கேட்கும் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். “நடவடிக்கை எடுக்கவும்” என்றால் “எடுக்கிறோம்” என்று பதில் வரும், கதை முடிந்தது.

கோபத்தை ஒரு தாளில் கொட்டிவிட்டு, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ஆவணங்களில் நகல் மட்டும் கொடுங்கள், அசல் வேண்டாம். ஓய்வூதியம், குடியேற்றம் போல உங்கள் சொந்தக் கோப்பு சம்பந்தப்பட்டது என்றால் எழுத்து மூலம் ஒப்புதல் கேட்பார்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தால் அது கட்டாயம்.

ஒரு மசோதாவைப் பற்றிக் கருத்துச் சொல்வதாக இருந்தால் அது வேறு வகைக் கடிதம். மசோதாவின் பெயர் அல்லது எண், ஆதரிக்க வேண்டுமா எதிர்க்க வேண்டுமா, அது உங்களை எப்படிப் பாதிக்கிறது, இந்த மூன்றும் போதும். வாக்கெடுப்புக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த ஒரே மாதிரிக் கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் கணக்குக்கு உதவும், யாரும் உட்கார்ந்து படிக்கமாட்டார்கள்.

படி 5: எந்த வழியில்?

உள்ளாட்சிக்கு நேரிலோ போனிலோ போங்கள். மேலே போகப் போக எழுத்து. கனடாவில் நாடாளுமன்ற முகவரிக்கு எம்பிக்கு அனுப்பும் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம். அமெரிக்காவில் 2001இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் என்ற நோய்க்கிருமியை அனுப்பிய சம்பவத்துக்குப் பின் வாஷிங்டன் அலுவலகங்களுக்குப் போகும் தபால் பரிசோதனைக்குப் பிறகுதான் கைக்குப் போகும், தாமதமாகும். தொகுதி அலுவலகமோ இணையப் படிவமோ மேல். பிரிட்டனில் எம்பிக்கள் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு ‘சர்ஜரி’ என்று பெயர். பயப்பட வேண்டாம், கத்தி கிடையாது. சிங்கப்பூரில் தொகுதி மக்களைச் சந்திக்கும் மாலை நிகழ்ச்சியில் தொண்டர்களே உட்கார்ந்து உங்கள் மனுவை எழுதித் தருவார்கள்.

நேரில் கொடுத்தால் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

படி 6: விடாமல் கேட்பது

மூன்று வாரம் பொறுங்கள். பிறகு பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள், புதிய கடிதம் வேண்டாம். போனில் பேசினால் பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். அந்த உதவியாளரை அதிகாரம் இல்லாதவர் என்று நினைத்து எரிந்து விழாதீர்கள். உங்கள் கோப்பை மேலே எடுத்து வைப்பதும் கீழே போடுவதும் அவர்தான். அதற்கும் பலனில்லை என்றால் அடுத்த நிலைப் பிரதிநிதிக்கு, இதுவரை நடந்ததன் நகல்களோடு.

என் தெருவிளக்கு? டார்ச்சோடு போய்க் கம்பத்து எண்ணைப் பார்த்துச் சொன்ன நான்காம் நாள் எரிந்தது. போன வாரம் பக்கத்துக் கம்பம் போய்விட்டது. எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.