பழைய படம் கண்டுபிடிக்கிற ஆட்டம்: மழைக்காலத்துல வீட்டுக்குள்ள எப்படி நடத்துறது

கூடலூர், ஊட்டி பக்கம் ஜூன்லயே மழை பிடிச்சுக்கும், குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைல வந்து உக்காரும், எப்படியும் வருஷத்துல ரெண்டு தடவை சாயங்காலம் ஆனா வெளிய தலை காட்ட முடியாது, கரண்டும் போயிடும், செல்போன் டவரும் போயிடும். இந்த மாதிரி நேரத்துக்கு பழைய சினிமா கண்டுபிடிக்கிற ஆட்டம் மாதிரி ஒண்ணு கிடையாது, கூகுள்ல பார்த்து ஏமாத்த முடியாதுங்கிறது எக்ஸ்ட்ரா லாபம். ஆனா சும்மா நாலு பேர் உக்காந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டுட்டு இருந்தா அரை மணி நேரத்துல சண்டை வந்துடும், இல்லன்னா ஒரே ஆள் எல்லாத்துக்கும் பதில் சொல்லி மத்தவங்க கொட்டாவி விடுவாங்க. அதனால கொஞ்சம் ஏற்பாடு பண்ணித்தான் நடத்தணும்.

முதல்ல கேள்வி எப்படி இருக்கணும்னு பார்த்துடுவோம், ஏன்னா நிறைய பேர் சொதப்புறது இங்கதான். யாருக்குமே தெரியாத ஒரு விஷயத்தை எங்கேயோ தோண்டி எடுத்து வந்து கேட்டு, யாரும் சொல்லலைன்னதும் ஜெயிச்ச மாதிரி சிரிக்கிற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்கள கேள்வி கேட்க விடாதீங்க. நல்ல கேள்விங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச படமா இருக்கணும், ஆனா பேரு நாக்கு நுனில வந்து நிக்கணும். பெரியவர் ஒருத்தர் கண்ணை மூடிட்டு டம்ளரை விரலால தட்டிட்டே "இருங்க இருங்க, சொல்லிடாதீங்க, நானே சொல்றேன்"னு தவிக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவும்.

அதுக்கு வசதியானது அஞ்சு துப்பு ஆட்டம். ஒரு படம், அஞ்சு துப்பு, முதல் துப்புலயே சொன்னா 5 மார்க், அப்புறம் ஒவ்வொண்ணா குறையும். தப்பா சொன்னா 1 மார்க் கழிச்சு அந்தக் கேள்வில இருந்து அந்த டீமே வெளிய, இது இல்லன்னா வாய்க்கு வந்த படத்தையெல்லாம் அடுக்குவாங்க. எல்லாமே துப்போட வரிசைலதான் இருக்கு. உதாரணத்துக்கு 1954ல வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கோங்க. எல்லாரும் முதல்ல நினைக்கிறது பாட்டே இல்லாத படம்ங்கிறதுதான், அத முதல் துப்பா வெச்சா கேள்வியே முடிஞ்சுது, அதனால அதுக்கு கடைசி இடம். முதல்ல "ஹீரோ படம் ஆரம்பிச்ச உடனேயே செத்துடுவாரு"னு மட்டும் சொல்லி நிறுத்துங்க, ஆளாளுக்கு ஒரு படம் யோசிப்பாங்க, ஆனா 1 மார்க் பயத்துல வாயத் திறக்க மாட்டாங்க. ரெண்டாவது, "கதை நடக்கிறது மெட்ராஸ்ல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம்". அது 1943, இங்கயே ஒண்ணு ரெண்டு பேர் நிமிர்ந்து உக்காருவாங்க. மூணாவது, "இன்ஸ்பெக்டரா நடிச்சவர்தான் வசனமும் எழுதினாரு", ஜாவர் சீதாராமன். நாலாவது, "டைரக்டர் ஒரு வீணை வித்வான்". இதுக்குள்ள யாராவது எஸ். பாலசந்தர்னு கத்திடுவாங்க, கத்தினாலும் அவர் வேற படமும் எடுத்திருக்காரே, அதனால படத்து பேரைச் சொன்னாத்தான் மார்க். பேர் தெரிஞ்சும் படம் வராம தவிக்கிறத பார்க்க வேண்டுமே!

இதே மாதிரி 'காதலிக்க நேரமில்லை'க்கு நாகேஷ் பாலையாவுக்கு கதை சொல்ற சீனை கடைசி வரைக்கும் தொடவே கூடாது, ரவிச்சந்திரனுக்கு முதல் படம்ங்கிறதும் லேட்டாத்தான் வரணும். 'மர்மயோகி'க்கு (1951) மட்டும் "ஏ சர்டிபிகேட் வாங்கின முதல் தமிழ்ப் படம்"னு முதல் துப்பாவே தாராளமா கொடுக்கலாம், பாதி பேர் எண்பதுகள் படமா தேட ஆரம்பிச்சு வழி தவறிப் போவாங்க, அதுல பேய் சீன் இருந்ததுக்குத்தான் ஏ கொடுத்தாங்கன்னு யாருக்கும் சட்டுனு தோணாது.

ஊர் சம்பந்தப்பட்ட கேள்வில கொஞ்சம் உஷாரா இருங்க. 'மூன்றாம் பிறை' க்ளைமாக்ஸ் எந்த ஸ்டேஷன்னு மெட்ராஸ்ல கேட்டா அது கேள்வி, இங்க கேட்டா பச்சைக் குழந்தை கூட கேத்தினு சொல்லிடும். 'பன்னீர் புஷ்பங்கள்' கேட்டாலும் அதே கதைதான், அதுவும் ஊட்டில எடுத்தது. அதையே திருப்பிப் போடுங்க. 'அன்பே வா'ல எம்.ஜி.ஆர் மலைல ஆடிப்பாடிட்டு வர்ற அந்த முதல் பாட்டு எங்க எடுத்ததுன்னு கேட்டா பாதி பேர் ஊட்டினு அடிச்சு சொல்லுவாங்க, அது சிம்லா. நம்ம கீழ இருக்கிற கோயமுத்தூரையும் விட்டுடாதீங்க, 'மலைக்கள்ளன்' பட்சிராஜா ஸ்டுடியோ தயாரிப்பு, ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் வாங்கின முதல் தமிழ்ப் படம், ஆறு மொழில எடுத்தாங்க, ஒரே படத்துல மூணு நல்ல துப்பு கிடைக்குது.

டீம் பிரிக்கிறதுல இங்க ஒரு தனிச் சிக்கல் இருக்கு. சிலோன்ல இருந்து திரும்பி வந்து டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) எஸ்டேட்ல செட்டில் ஆன குடும்பத்துப் பெரியவங்கள எல்லாம் ஒரே டீம்ல போட்டுடாதீங்க, ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. இலங்கை வானொலில ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி படம், பாடினவங்க, இசையமைச்சவர்னு சொல்லிட்டுத்தான் போடுவாங்க, அதைக் கேட்டே வளர்ந்தவங்க கிட்ட பாட்டு ரவுண்டுல யாரும் கிட்ட நிக்க முடியாது. ஊட்டி இந்து நகர்ல ஃபிலிம் சுருள் தயாரிச்ச ஃபேக்டரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க இருந்தாங்கன்னா கலர், கருப்பு வெள்ளை கேள்வியெல்லாம் அவங்க பக்கம் சாயும் ('அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலர், 'கட்டபொம்மன்' டெக்னிகலர், 'நாடோடி மன்னன்' ஒரு பகுதி மட்டும் கலர்னு மூச்சு விடாம சொல்லுவாங்க). ஒவ்வொரு டீம்லயும் இப்படி ஒரு ஆள், காலேஜ் படிக்கிற பசங்க ஒருத்தர்னு கலந்து விடுங்க. பசங்க சொல்ற சரியான பதிலுக்கு டபுள் மார்க் கொடுங்க, பேரன் காதுல தாத்தா ஊதி விடுறத கண்டுக்காதீங்க.

பாட்டு ரவுண்டுல பல்லவியப் பாடவே கூடாது. நடுவுல வர்ற மியூசிக்கை வாயால ஹம் பண்ணுங்க, இல்லன்னா ரெண்டாவது சரணத்துல இருந்து ஒரு வரிய பாடாம செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுங்க, மெட்டு இல்லாம கேட்டா எவ்வளவு தெரிஞ்ச பாட்டும் பிடிபடாது. யார் பாடி யாருக்குங்கிற கேள்வியும் நல்லா ஓடும். பி.பி. ஸ்ரீநிவாஸ்னு சொன்ன உடனே ஜெமினினு கத்துவாங்க, அங்கதான் கண்ணி வைக்கணும், 'வீரத்திருமகன்'ல 'ரோஜா மலரே' பாட்டுக்கு ஹீரோ சி.எல். ஆனந்தன், ஜோடி சச்சு. 'அடிமைப்பெண்'ல எஸ்.பி.பி பாடினது எல்லாருக்கும் தெரியும், அதே படத்துல ஹீரோயினே சொந்தக் குரல்ல ஒரு பாட்டு பாடியிருக்காங்கன்னு ஞாபகம் வர கொஞ்சம் நேரமாகும்.

சங்கிலி ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு படம் சொல்லணும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நடிகர்கள் வழியா போய்ச் சேரணும், யார் குறைச்ச தாவல்ல போறாங்களோ அவங்களுக்கு மார்க். நாகேஷ், மனோரமா, வி.கே. ராமசாமி மூணு பேருக்கும் ஆரம்பத்துலயே தடை போட்டுடுங்க, அவங்க இருந்தா எந்தப் படத்துல இருந்தும் எந்தப் படத்துக்கும் போயிடலாம். 'ஹரிதாஸ்'ல இருந்து 'மூன்றாம் பிறை'க்கு போங்கன்னு சொல்லிப் பாருங்க, 1944க்கும் 1982க்கும் நடுவுல எத்தனை படம் வேணும்னு மலைச்சுப் போவாங்க. 'ஹரிதாஸ்'ல டி.ஆர். ராஜகுமாரி, அவங்க 1963ல 'வானம்பாடி'ல நடிச்சாங்க, அதுல சின்னப் பையனா கமல், அவ்வளவுதான், 'ஹரிதாஸ்' ஹீரோ பாகவதர் கிட்ட இருந்து நேரா கேத்தி ஸ்டேஷனுக்கு வந்தாச்சு. 'சதிலீலாவதி'ல (1936) இருந்து 'ஊட்டி வரை உறவு'க்கு இன்னும் சுலபம், பாலையா ஒருத்தரே போதும்.

பழைய பாட்டுப் புத்தகம் யார் வீட்டுப் பரண்லயாவது கிடைச்சா விடாதீங்க. அதுல ரெண்டு பக்கம் கதைச்சுருக்கம் போட்டு, முக்கியமான இடம் வந்ததும் "மீதியை வெள்ளித்திரையில் காண்க"னு நிறுத்தியிருப்பாங்க. கேரக்டர் பேரை எடுத்துட்டு அந்தக் கதைய அப்படியே ஏத்த இறக்கத்தோட வாசிச்சா போதும், பீம்சிங் படம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பும், 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' மூணுமே 1961, எல்லாமே 'பா'ல ஆரம்பிக்கும். டம்ப் ஷராட்ஸ் (பேசாம நடிச்சுக் காட்டுற ஆட்டம்) வேண்டாம், முட்டி வலிக்காரங்க பாவம்.

சண்டை கண்டிப்பா வரும். நடுவர் ஒருத்தர் எந்த டீம்லயும் சேராம இருக்கணும், எம்.ஜி.ஆர் ரசிகரும் சிவாஜி ரசிகரும் இல்லாதவரா கிடைச்சா நல்லது, கிடைக்க மாட்டாங்க, அதனால ஜெமினி ரசிகரா பார்த்துப் போடுங்க. வருஷத் தகராறுக்கு தமிழ் சினிமா விவரமெல்லாம் சேர்த்து வெச்ச ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த படப் பட்டியலே கடைசித் தீர்ப்புன்னு ஆரம்பத்துலயே பேசிக்கோங்க. ஒரே பேர்ல ரெண்டு படம் இருந்தா எதுன்னு சொல்லியே ஆகணும், 'அம்பிகாபதி'னா 1937 பாகவதரா 1957 சிவாஜியானு சொல்லாத பதிலுக்கு மார்க் கிடையாது. டீயும் வர்க்கியும் ரவுண்டு முடிஞ்சப்புறம்தான் வரணும், நடுவுல வந்தா வாயில வர்க்கிய வெச்சுட்டு சொன்ன பதில் என்னன்னு ஒரு தனி பஞ்சாயத்து ஓடும்.

மார்க் சமமா வந்துட்டா ஒரே ஒரு கேள்வி, ரெண்டு டீமும் பேப்பர்ல எழுதிக் கொடுக்கணும். நான் வெச்சிருக்கிறது இது: 1967 தீபாவளிக்கு ஒரே நாள்ல சிவாஜி படம் ரெண்டு ரிலீஸ், ஒண்ணு 'ஊட்டி வரை உறவு', இன்னொண்ணு என்ன?