சிங்கப்பூர் – நியூயார்க்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது விமானத் தூரம் இல்லை. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி.

கணக்குக்கு ஊரின் மையம் வேண்டாம், விமான நிலையத்தின் இடத்தை எடுங்கள். சாங்கி: அட்சரேகை 1.36 வடக்கு, தீர்க்கரேகை 103.99 கிழக்கு. நியூயார்க் கென்னடி: 40.64 வடக்கு, 73.78 மேற்கு. மேற்கு என்றால் கழித்தல் குறி. ஆகவே தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 பாகை.

இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.0155. அவற்றின் கோசைன்களையும் 177.77இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்கினால் -0.7580. இரண்டையும் கூட்டினால் -0.7426. இதன் தலைகீழ் கோசைன், அதாவது எந்தக் கோணத்தின் கோசைன் இந்த எண்ணோ அந்தக் கோணம், 137.95 பாகை. ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. வீதம் சுமார் 15,340 கி.மீ. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. அதையும் கணக்கில் சேர்த்தால் 15,349 வரும். பயணத் திட்டத்துக்கு முதல் விடையே போதும்.

பிழை வருவது பெரும்பாலும் குறிகளில்தான். மேற்குக்குரிய கழித்தல் குறியை மறந்தால் 5,320 கி.மீ. வரும்; நீங்கள் அளந்தது கிர்கிஸ்தானின் ஓஷ் நகரப் பக்கம். கடைசிக் கூட்டலில் வந்த விடையின் கழித்தல் குறியை விட்டுவிட்டால் 4,676 கி.மீ. எக்செல் கோணத்தை ரேடியன் என்ற அலகில்தான் எடுத்துக்கொள்ளும், பாகையை முதலில் மாற்றிக் கொடுங்கள். இதே 15,340 கி.மீ. தூரம் கடல் மைலில் சுமார் 8,283. அதைச் சாதாரண மைல் என்று நினைத்துவிட்டால் 2,000 கி.மீ. காணாமல் போகும்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கி.மீ. வைத்துக்கொண்டால் 17 மணி நேரம். ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவதற்கு 40 நிமிடம் கூட்டுங்கள். ஆனால் அட்டவணையில் இருப்பது ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம். கணக்கு தவறவில்லை, விமானம் அந்த நூல் வழியில் போவதில்லை. காற்றையும் மூடிய வான்வெளியையும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பார்கள். பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னிருந்து தள்ளுவதால், நீளமான வழியே பல நாட்களில் லாபமாகிவிடுகிறது. குறுகிய தூரப் பயணங்களில் இவ்வளவு வித்தியாசம் வராது.

போய்ச் சேரும் நேரத்தைக் கவனமாகப் போடுங்கள். முதலில் புறப்பட்ட ஊரின் கடிகாரத்திலேயே பயண நேரத்தைக் கூட்டி, அதன்பிறகு இரு ஊர்களின் நேர வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம். ஜனவரியில் சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் கிளம்பினால் அங்கே அதே நாள் மாலை 5.40. திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறி 18 மணி 50 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் மறுநாள் அல்ல, அதற்கடுத்த நாள் காலை 5.50. விடுதி பதிவு செய்யும்போது இந்த ஒரு நாளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, காத்திருப்பையும் கூட்டுங்கள்.