பெற்றவரைத் தேடும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிறந்த தத்துப் பிள்ளைகளுக்கு

நானும் தத்துப் பிள்ளைதான். தேட ஆரம்பித்தபோது எந்த வாசலில் போய் நிற்பது என்றே தெரியவில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை வீட்டு பீரோவில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் வளர்த்தவர்கள் பெயர்தான் இருக்கும். தத்து ஆவணத்தைத் தேடுங்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரமாக இருந்தால் தத்துக் கொடுத்தவர் பெயரும் கையெழுத்தும் அதிலேயே இருக்கும். நீதிமன்ற உத்தரவு என்றால், எந்தக் காப்பகத்தின் வழியாக வந்தீர்கள் என்று பாருங்கள்.

அடுத்து, பிறந்த ஆண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான். அதற்கு முன் ஓசூரில் பிறந்திருந்தாலும் உங்கள் மாவட்டம் தருமபுரி. வளர்க்க முடியாத பிள்ளையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போக வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிலில் விட்ட பிள்ளை என்றால், கோப்பில் தாயின் பெயரை எழுத வழியே இல்லை. இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், பெற்றவரைத் தேட உதவி கேட்கும் விண்ணப்பம். 18 வயது நிறைந்தவர் தனியாகவே கொடுக்கலாம். நிறையாதவர் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பதில் வேறொருவர் கேட்க முடியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ உங்களைத் தத்துக் கொடுத்த மையத்திலோ கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று அன்றைக்கே தாய் கேட்டிருந்தால், இப்போது அவர் சம்மதம் வேண்டும். மறுத்தாலோ ஆள் கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதையாவது உங்களுக்குச் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். தயவுசெய்து ஊருக்குள் இறங்கி விசாரிக்காதீர்கள். பென்னாகரம் பக்கத்து டீக்கடையில் காலையில் கேட்ட கேள்வி, சாயங்காலத்துக்குள் பெற்றவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கணவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் இருக்கலாம். இருபது வருடம் அவள் கட்டிக் காத்த வாழ்க்கையை நம் தவிப்பு ஒரே நாளில் உடைத்துவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் போட்டுத் தேடுவதும் இதே கதைதான்.

பதில் வாங்கப் போகும் நாளில் துணைக்கு ஒருவர் வேண்டும். நான் என்னை வளர்த்த அம்மாவைக் கூட்டிப் போனேன். என் கோப்பில் பெயர் எதுவும் இல்லை. ஒரு தேதி, என் எடை, சுற்றியிருந்த மஞ்சள் துணி பற்றி ஒரு வரி. அந்த வரியை அம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினார்.